எழுதியது எங்கோ உறுத்துகிறதா? அறிகுறியிலிருந்து பிழைக்குப் போகும் வழி

எழுதி முடித்ததைத் திரும்பப் படிக்கும்போது ஏதோ ஒரு சொல் கண்ணில் இடறும். தப்பு என்று தோன்றும். என்ன தப்பு என்று தெரியாது. இலக்கண நூலைத் திறந்தால் புணர்ச்சி, வேற்றுமை, தொகை, எச்சம் என்று அது தன் வரிசையில் சொல்லிக்கொண்டு போகும். நம்மிடம் இருப்பதோ ஓர் உறுத்தல் மட்டும். அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டு உரிய விதிக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக மற்றவர்கள் எழுதியதற்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன். நன்றாக எழுதுகிறவர்களும் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். விதி தெரியாததால் அல்ல. சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் கடந்து போவதால். எந்தப் பகுதியோடு எந்தப் பகுதி சேர்ந்து இந்தச் சொல் உண்டானது என்று பார்த்துவிட்டால், பெரும்பாலான பிழைகள் தாமே வெளியே வந்து நிற்கும். கீழே வரும் சோதனைகளில் பெரும்பகுதி அந்த ஒரு வேலைதான். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போகலாம்.

## க, ச, த, ப வரும் இடத்தில் கை தயங்குகிறது

‘அவனை பார்த்தேன்’ என்று எழுதிவிட்டு, நடுவில் ‘ப்’ வேண்டுமா என்று யோசிக்கிறீர்கள். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை என்று சொல்வது இதைத்தான். எழுதுகிறவர்களை மிகவும் அலைக்கழிப்பது இது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில், இரண்டாவது சொல் க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அங்கே வல்லின ஒற்றுக்கு வேலை இல்லை.

தொடங்குகிறது என்றால், முதல் சொல்லின் கடைசிக்கு வாருங்கள். அங்கே ‘ஐ’ உருபோ ‘கு’ உருபோ இருந்தால் ஒற்றைப் போட்டுவிடலாம். அவனைப் பார்த்தேன், கடிதத்தைக் கிழித்தான், ஊருக்குப் போனாள், எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் தவறாமல் செய்தாலே பக்கத்தின் முகம் மாறிவிடும். ஆல், ஓடு, உடன், இல், இருந்து, உடைய ஆகியவற்றுக்குப் பின் ஒற்று மிகாது, அதாவது வராது. கத்தியால் கிழித்தான், அவனோடு போனேன், ஊரிலிருந்து திரும்பினாள், அவளுடைய பேனா.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சொல்லின் கடைசியில் காதில் விழும் ‘ஐ’ எல்லாம் உருபு அல்ல. ‘வேலை தேடினான்’ என்றால் பிழைப்புக்கு வழி தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் கையில் பிடிக்கும் வேலைக் காணாமல் தேடினான். ஓர் ஒற்றில் கதையே மாறிவிடுகிறது. சந்தேகம் வந்தால் கடைசி ‘ஐ’யைக் கழற்றிப் பாருங்கள். மிச்சம் நிற்பது நீங்கள் சொல்ல வந்த பொருளாக இருந்தால் கழன்றது உருபு. ஆயுதம் என்ற பொருளில் ‘வேல்’ நிற்கும். உத்தியோகம் என்ற பொருளில் நிற்காது. குதிரை, மழை, யானை எல்லாம் ஐயோடு பிறந்த சொற்கள். அதனால்தான் ‘குதிரை பாய்ந்தது’, ‘மழை பெய்தது’ என்று ஒற்றில்லாமல் வருகின்றன.

அடுத்தது சுட்டும் வினாவும். அந்த, இந்த, எந்த. அப்படி, இப்படி, எப்படி. அங்கு, இங்கு, எங்கு ஆகியவை ஒற்றைக் கேட்கும். அந்தப் பையன், எப்படிச் சொன்னான், இங்குக் கிடைக்கும். ஆனால் அது, இது, எது, அவை, இவை, எத்தனை ஆகியவை கேட்காது. அது கிடைத்தது, இவை போதும், எத்தனை பேர். ‘அதுப் போல’ என்று எழுதுகிறவர்களை இப்போதெல்லாம் நிறையப் பார்க்கிறேன். ‘அந்த’வுக்கான விதியை ‘அது’வின்மேல் ஏற்றியதால் வந்த வினை அது.

வினையெச்சத்துக்கு, அதாவது இன்னொரு வினையைத் தேடி நிற்கும் முடியாத வினைக்கு வந்தால், காதையே நம்பலாம். எடுத்துக் கொடுத்தான், கேட்டுத் தெரிந்துகொண்டான், விற்றுத் தீர்த்தான். இவற்றில் முதல் சொல்லின் கடைசியில் த்து, ட்டு, ற்று என்று வல்லினம் இரட்டித்து ஒலிக்கிறது. அந்த வன்மை அடுத்த சொல்லுக்கும் தாவுகிறது. வந்து சேர்ந்தான், கண்டு பேசினான், நின்று பார்த்தான், செய்து கொடுத்தான், அழுது தீர்த்தான் என்பவற்றில் அந்த வன்மை இல்லை, ஒற்றும் இல்லை. அகரத்திலோ இகரத்திலோ யகர ஒற்றிலோ முடியும் வினையெச்சமும் ஒற்றைக் கேட்கும். எழுதச் சொன்னான், தேடிப் பார்த்தான், போய்ச் சேர்ந்தான்.

‘எழுதச் சொன்னான்’ அகரத்தில் முடிகிறது. ‘எழுதிய கடிதம்’ என்பதும் அகரத்தில்தான் முடிகிறது. பிறகு ஏன் ஒன்றில் ஒற்று, ஒன்றில் இல்லை? இரண்டாவது சொல் என்ன என்று பாருங்கள். வினையைத் தேடிப் போனால் வினையெச்சம், மிகும். பெயரைத் தேடிப் போனால் பெயரெச்சம், மிகாது. வந்த பையன், பெரிய பெட்டி, செல்லாத காசு. அந்தக் கடைசி எடுத்துக்காட்டில் ‘த’வை நீக்கினால் மட்டும் நிலைமை மாறிவிடும்: செல்லாக் காசு. பெயரெச்சத்தின் ஈறு கெட்டுப்போன இடத்தில் ஒற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது நடுவில் என்ன ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள். ‘மருந்துக் கடை’யில் ‘மருந்தை விற்கும்’ என்பது ஒளிந்திருக்கிறது. ‘மழைக் காலம்’ என்பதில் ‘மழை பெய்யும்’ என்பது. இப்படி ஏதாவது ஒளிந்திருந்தால் ஒற்று பெரும்பாலும் வரும். ஒளிந்திருப்பது ‘உம்’ என்றால் வராது: தாய் தந்தை, செடி கொடி, இரவு பகல். முதல் பெயர் ஆளைக் குறித்தாலும் பொதுவாக வராது: தம்பி புத்தகம். ஊறுகாய், சுடுசொல், குடிதண்ணீர் போன்ற வினைத்தொகையில் வரவே வராது. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் விரிக்க முடிந்தால் அது வினைத்தொகை.

கடைசியாக ஒன்று. ஒற்றை விடுவது போலவே கண்ட இடத்தில் போடுவதும் பிழைதான். ‘வந்தப் பையன்’, ‘பெரியப் பெட்டி’ என்று எழுதுவதை எச்சரிக்கையுணர்ச்சி என்று சிலர் நினைக்கிறார்கள். ஐயம் தீராத இடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தானாக அழுத்தினால் எழுதுங்கள். அழுத்தவில்லை என்றால் கையையும் நிறுத்துங்கள்.

## ஒரு சொல்லில் புள்ளி வைத்த எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கின்றன

முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு, கட்ச்சி, நட்ப்பு. எல்லாமே ஒரே பிழை. தமிழ் எழுத்தில் ய், ர், ழ் என்ற மூன்று மெய்களுக்குப் பின்னால்தான் இன்னொரு மெய் இரட்டித்து வரும்: வாய்ப்பு, பார்க்க, வாழ்க்கை. ட், ற் இரண்டுக்கும் அந்த உரிமை இல்லை. எனவே முயற்சி, பயிற்சி, அதற்கு, கட்சி, நட்பு. விதிவிலக்கே இல்லாத இப்படிப்பட்ட விதி கிடைப்பது அரிது. ஆவணம் முழுவதும் ‘ற்க்’, ‘ற்ச்’, ‘ற்ப்’, ‘ட்க்’, ‘ட்ச்’, ‘ட்ப்’ என்று தேடித் திருத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

## ‘சுவற்றில்’ சரியா, ‘சுவரில்’ சரியா?

வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் பாருங்கள். கிணறு, ஆறு, வயிறு என்று ‘று’வில் முடிந்தால் அது பெரும்பாலும் இரட்டிக்கும்: கிணற்றில், ஆற்றில், வயிற்றில். நாடு, காடு என்று ‘டு’வில் முடிந்தாலும் அப்படியே: நாட்டில், காட்டில். சுவர் ‘று’வில் முடியவில்லை, ‘ர்’ என்று முடிகிறது. அதனால் சுவரில், சுவரை, சுவருக்கு. ‘சுவற்றில்’ என்று எழுத வேண்டுமானால் முதலில் ‘சுவறு’ என்றொரு பொருள் இருக்க வேண்டும்.

## ர-வா ற-வா, ன-வா ண-வா என்று குழப்பம்

எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இங்கே உங்களைக் கைவிடும். ‘வேலை வந்தது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வேளை வந்தது’ என்று எழுதினாலும் அதற்கு இரண்டும் சரியான சொற்கள்தான். கரை/கறை, உரை/உறை, அரை/அறை, மனம்/மணம், கனம்/கணம், வலி/வளி/வழி, தலை/தளை/தழை எல்லாம் இந்த வகை. இவற்றைப் பழக்கத்தில்தான் பிடிக்க முடியும். உங்கள் கை எந்த இணையில் வழுக்குகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒவ்வொருவருக்கும் நாலைந்து இணைகளுக்கு மேல் இருக்காது.

மற்ற சொற்களில் வேர்தான் சாட்சி. பதட்டமா பதற்றமா? வினை ‘பதறு’, ஆகவே பதற்றம். சிலவா செலவா? கையை விட்டுச் செல்வது, ஆகவே செலவு. பூவைக் கோர்த்தாளா கோத்தாளா? வினை ‘கோ’, ‘ர்’ எங்கிருந்தும் வரவில்லை, ஆகவே கோத்தாள், கை கோத்து நடந்தார்கள். எண்ணையா எண்ணெயா? எள்ளும் நெய்யும் சேர்ந்தது, ஆகவே எண்ணெய். உரையாடலில் ‘போகனும்’ என்று எழுதுகிறவர்கள் மிகுதி. அது ‘வேண்டும்’ தேய்ந்து வந்த ஒலி. ‘ண்’ அங்கேயே இருக்கிறது. ஆகவே போகணும், பார்க்கணும்.

ந-வும் ன-வும் குழப்பினால் இதை நினைவில் வையுங்கள். ந சொல்லின் முதலில் வரும். இடையில் வந்தால் பெரும்பாலும் த-வுக்கு முன்னால் ‘ந்’ ஆக நிற்கும் (வந்தான், பந்து). வேறெங்காவது நடுவில் ந தென்பட்டால் அங்கே ஒரு தையல் இருக்கிறது என்று பொருள். மூன்று + நூறு சேர்ந்தால் முந்நூறு. முன் + நாள் சேர்ந்தால் முன்னாள். ‘முன்னூறு’ என்று எழுதினால் அதில் மூன்று என்ற எண்ணே இல்லாமல் போகிறது.

இயக்குநர், இயக்குனர் என்ற பழைய வழக்கும் இதே தையலில் தீர்கிறது. ஓட்டு, பெறு, அனுப்பு, இயக்கு என்று ஏவலாக நிற்கும் வினையோடு ‘நர்’ சேர்கிறது: ஓட்டுநர், பெறுநர், அனுப்புநர், இயக்குநர். உறுப்பு, குழு என்று பெயரோடு சேர்வது ‘இனர்’: உறுப்பினர், குழுவினர். சேரும் இடம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை.

## பன்மையில் ‘கள்’ சேர்க்கும்போது க் போடுவதா?

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று பெரிய புலவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அச்சில் இரண்டும் வருகின்றன. நான் ‘வாழ்த்துகள்’ பக்கம்தான் நிற்கிறேன். காரணம் சொல்கிறேன்.

பூ, ஈ, பா போன்ற ஓரெழுத்துச் சொற்களில் க் இயல்பாக வரும்: பூக்கள், ஈக்கள், பாக்கள். பசு, தெரு போன்றவற்றிலும் வரும், அவற்றின் கடைசி உகரம் முழுதாக ஒலிப்பதால். ஆடு, வண்டு, பாட்டு, எழுத்து போன்றவற்றில் கடைசி உகரம் குறுகி ஒலிக்கிறது. ஆடுகள், வண்டுகள் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறோம். அதே இயல்பில் பாட்டுகள், எழுத்துகள், கருத்துகள், வாழ்த்துகள் என்று எழுதுவது ஒரு சீராக இருக்கிறது. நீங்கள் மற்ற வடிவத்தைத் தேர்ந்தாலும் சரி, ஒரே கட்டுரையில் ‘கருத்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ என்று இரண்டையும் கலக்காதீர்கள்.

நாள் என்பதன் பன்மை நாள்களா நாட்களா? கல், சொல், முள் ஆகியவற்றில் கடைசி ஒற்று ஒரே ஒரு குறிலை அடுத்து வருவதால் கற்கள், சொற்கள், முட்கள் என்று மாறுகின்றன. நெடிலை அடுத்து வந்தால் மாறுவதில்லை: கால்கள், தோள்கள், வாள்கள். தோட்கள், வாட்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் கணக்கில் நாள்கள் என்பதே பொருந்தும். ‘நாட்கள்’ வழக்கில் ஊன்றிவிட்டது. அதைப் பிழை என்று அடித்து எழுத எனக்கு மனம் வருவதில்லை. என் எழுத்தில் மட்டும் நாள்கள்.

‘அவைகள்’, ‘இவைகள்’ என்று எழுதியிருந்தால் ‘கள்’ளை நீக்கிவிடுங்கள். அவை என்பதே பன்மை.

## வாக்கியம் முடியும் இடத்தில் ஏதோ சறுக்குகிறது

‘மேசைமேல் இருந்த காகிதங்கள் திடீரென்று அடித்த காற்றில் பறந்து மூலைக்கு மூலை சிதறியது.’

படிக்கும்போது ஓடிப்போய்விடும். கண்டுபிடிக்க எளிய வழி, நடுவில் இருப்பதைக் கையால் மறைத்துவிட்டு எழுவாயையும் கடைசி வினையையும் மட்டும் சேர்த்துப் படிப்பது. ‘காகிதங்கள் சிதறியது.’ இப்போது தெரிகிறது அல்லவா? காகிதங்கள் சிதறின. எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் தூரம் கூடக்கூட, வினை பக்கத்தில் இருக்கும் ஒருமைப் பெயருக்கு (இங்கே காற்று) இசைந்துவிடுகிறது. பேச்சில் ‘மரங்கள் விழுந்தது’ என்றுதான் பலரும் சொல்கிறோம். கதைமாந்தர் பேசினால் அப்படியே விடலாம். கதைசொல்லி பேசும்போது விழுந்தன.

இந்த மறைக்கும் சோதனையில் வேறு சிலவும் அகப்படும். ‘மக்கள் கூட்டம் கலைந்தனர்’ என்பதில் எழுவாய் கூட்டம், ஆகவே கலைந்தது. ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்பதில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டுப் பன்மைக்குத் தாவிவிட்டோம். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும். ‘பூனையும் நாயும் ஓடியது’ என்பதில் இரண்டு உயிர்கள், ஆகவே ஓடின. பெண்ணைக் குறிக்க ‘ஒருவள்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் அது ஒருத்தி. மதிப்பாகச் சொல்ல ஒருவர்.

அப்புறம், தன்-தம். ‘அவர் தன் நண்பருக்கு எழுதினார்’ என்று மிக நல்ல எழுத்தாளர்களும் எழுதுகிறார்கள். வினை ‘எழுதினார்’ என்று மதிப்புப் பன்மையில் இருந்தால் ‘தம் நண்பருக்கு’ என்பதே இசைவு. அவன் தன், அவள் தன், அவர் தம், அவர்கள் தங்கள்.

## அல்லவா, இல்லையா?

‘இங்கே புலி இல்லை’ என்பது ஒன்று இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில். ‘இது புலி அல்ல’ என்பது ஒன்று இன்னதுதானா என்ற கேள்விக்குப் பதில். எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவது நல்லது. மரபிலக்கணம் ‘அல்ல’ என்பதையும் பிரித்துச் சொல்லும்: நான் அல்லேன், அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. இன்றைய உரைநடையில் எல்லாவற்றுக்கும் ‘அல்ல’ ஏற்கப்பட்டுவிட்டது. ‘அது புலி அன்று’ என்று எழுதினால் இன்றைய வாசகர் அந்த நாள் என்று படித்துவிட்டுத் திரும்பி வருகிறார். அதனால் பொது வாசகருக்கு எழுதும்போது நான் ‘அன்று’ என்பதைத் தவிர்க்கிறேன்.

## ஒட்டி எழுதுவதா, விட்டு எழுதுவதா?

இதற்கு ஒரே கேள்விதான். இரண்டு செயல்களா, ஒரே செயலா? ‘திருடனைக் கண்டு பிடித்தான்’ என்றால் முதலில் கண்டான், பிறகு பிடித்தான். ‘விடையைக் கண்டுபிடித்தான்’ என்பது ஒரே செயல். ‘குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டு வந்து விட்டான்’ என்பதில் விடுதல் தனிச் செயல். ‘அவன் வந்துவிட்டான்’ என்பதில் ‘விடு’ வருகையை முடித்துவைக்கும் துணைவினை மட்டும். ‘தான்’ என்பதற்கும் இதே கதை. அவன்தான் செய்தான் என்றால் அழுத்தம். ‘அவன் தான் செய்ததை ஒப்புக்கொண்டான்’ என்றால் தன்னைச் சுட்டும் சொல். ஓர் இடைவெளி விட்டால் பொருள் இடம் மாறுகிறது. வந்தபோது, வரும்வரை, சொன்னபடி போன்றவற்றை ஒட்டி எழுதுவது கண்ணுக்கும் இதம்.

## வாசகர் இரண்டு விதமாகப் படிக்கிறார்

‘நேற்று வந்த ஆசிரியரின் மகன்.’ வந்தவர் ஆசிரியரா, மகனா? ‘புதிய மாணவர் விடுதி.’ புதியவர் மாணவரா, புதியது விடுதியா? தமிழில் அடை, அதாவது பெயரை விளக்கும் சொல், எப்போதும் முன்னால் வருவதால், பின்னால் இரண்டு பெயர்கள் நின்றால் எதைப் பற்றிக்கொள்வது என்று அதற்கே தெரியாது. அடையை உரிய பெயருக்கு ஒட்டி நகர்த்துங்கள். ‘ஆசிரியரின், நேற்று வந்த மகன்’ என்று காற்புள்ளியால் ஒப்பேற்றுவது அழகாக இல்லை. ‘ஆசிரியரின் மகன் நேற்று வந்தான், அவன்…’ என்று இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுவது மேல். விடுதியை ‘மாணவர்களுக்கான புதிய விடுதி’ என்று மாற்றினால் தீர்ந்தது.

‘அவன் அவனுடைய புத்தகத்தை எடுத்துக்கொண்டான்.’ யாருடைய புத்தகம்? அவனுடையதே என்றால் ‘தன் புத்தகத்தை’. இன்னொருவனுடையது என்றால் பெயரைச் சொல்லிவிடுங்கள். இந்த ‘தன்’ தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் அருமையான கருவி. பலர் அதைப் பயன்படுத்தாமலே வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

## இலக்கணம் சரிதான், ஆனால் தமிழாகப் படவில்லை

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இது. ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும். படித்தால் வேறொரு மொழியின் நிழல் தெரியும். சில இடங்களைத் தட்டிப் பார்க்கலாம்.

முதலில் ‘பட்டது’. ‘இந்த முடிவு குழுவினரால் எடுக்கப்பட்டது.’ செய்தவர் யார் என்று தெரிந்திருக்கும்போது அவரை ‘ஆல்’ போட்டுப் பின்னால் தள்ளுவானேன்? குழுவினர் இந்த முடிவை எடுத்தார்கள். செய்தவர் முக்கியமில்லை என்றாலும் தமிழில் வழி இருக்கிறது. மாறு-மாற்று, உடை(ந்தது)-உடை(த்தான்), சேர்(ந்தது)-சேர்(த்தான்) என்று நம் வினைகள் பல இரட்டையாகவே பிறந்திருக்கின்றன. ‘விதிகள் மாற்றப்பட்டன’ என்பதைப் பல இடங்களில் ‘விதிகள் மாறின’ என்றே சொல்லிவிடலாம். யாரோ செய்தார்கள் என்பது தெரிய வேண்டுமானால் ‘விதிகளை மாற்றிவிட்டார்கள்’. அதற்காகப் ‘படு’வை அறவே விலக்க வேண்டாம். ‘அவர் கைது செய்யப்பட்டார்’ என்ற வாக்கியத்தில் பேச்சு அவரைப் பற்றியது. அங்கே அது தன் இடத்தில் இருக்கிறது.

அடுத்து ‘மற்றும்’. ‘நீளம் மற்றும் அகலம்’ என்பது ‘நீளமும் அகலமும்’ என்றால் எவ்வளவு இயல்பாக இருக்கிறது. அழகு மட்டும் அல்ல, தெளிவும் இதில்தான். ‘ஆசிரியர்கள் மற்றும் மாணவர்களுக்கு’ என்று எழுதினால் ‘கு’ மாணவர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டு ஆசிரியர்கள் அந்தரத்தில் நிற்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும். பட்டியல் நீண்டால் ‘காகிதம், மை, பேனா ஆகியவை’ என்று தொகுத்துவிடலாம்.

பிறகு ‘ஒரு’. ‘அவர் ஒரு மருத்துவர்.’ எத்தனை மருத்துவர் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மருத்துவர். ‘எத்தனை’ என்ற கேள்விக்கோ ‘ஏதோ ஒன்று’ என்ற பொருளுக்கோ பதிலாக நின்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். வைத்துக்கொண்டால், உயிரெழுத்துக்கு முன் ஓர், மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு: ஓர் ஊர், ஒரு நகரம்.

‘ஏனென்றால்’ கொஞ்சம் நுட்பமானது. ‘நான் வரவில்லை, ஏனென்றால் உடம்பு சரியில்லை’ என்பது பிழை அல்ல. ஆனால் தமிழ் வாக்கியம் காரணத்தை முன்னால் வைத்து வினையில் போய் அமர்வது: உடம்பு சரியில்லாததால் வரவில்லை. காரணத்தைச் சற்று மறைத்து வைத்து வாசகரைக் காக்க வைக்க விரும்பும்போது ‘ஏனென்றால்’ நல்ல கருவி. ஒவ்வொரு பத்தியிலும் வந்தால் அந்த வலு போய்விடும்.

‘முயற்சித்தான்’ என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முயல் என்ற வினையிலிருந்து முயற்சி என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரிலிருந்து மறுபடி ஒரு வினையைச் செய்தால் முயற்சித்தான். பயில் என்பதிலிருந்து வந்த பயிற்சியை வைத்து ‘பயிற்சித்தான்’ என்று எழுதுவோமா? முயன்றான், அல்லது முயற்சி செய்தான். இவை போலவே ஒரு வரியில் திருத்தக்கூடியவை இன்னும் சில: ஒன்றைக் குறித்துப் பேசினால் பற்றி, எழுத்தின் பகுதி பத்தி, பழையதை எண்ணிப் பார்த்தால் நினைவுகூர்ந்தார், நினைவு கூறினார் அல்ல, எண்ணை எழுத்தால் எழுதினால் முப்பத்து மூன்று, முப்பத்தி மூன்று அல்ல.

## கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் அகப்படவில்லை

இது இலக்கணம் அல்ல, தட்டச்சு. ஆனாலும் எழுதுகிறவரை அரை நாள் அலையவிடும். மேலே சொன்ன திருத்தங்களை ஆவணம் முழுவதும் தேடிச் செய்யும்போது ஒரு சொல் மட்டும் பிடிபடாமல் போனால் இவற்றைச் சரிபாருங்கள்.

‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்துத் தட்டப்பட்டிருக்கலாம், ஒளவை என்று எழுதியிருந்தால் கணினிக்கு அது ஔவை அல்ல. தமிழ் எண்கள் எழுத்துகளுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கலாம். ௧, ௨, ௭, ௮ ஆகிய நான்கும் க, உ, எ, அ போலவே தோன்றும். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் ஒருங்குறி (யூனிகோடு) முறையில் அவை 1, 2, 7, 8 என்ற எண்கள், எழுத்துகள் அல்ல. ‘கொ’வின் பின்பாதியில் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ இருக்கலாம். சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. வேறு ஆவணத்திலிருந்து ஒட்டிய பகுதியில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று சொல்லின் நடுவில் ஒளிந்திருப்பதும் உண்டு.

எது என்று தேடிக்கொண்டிருக்காமல் அந்தச் சொல்லை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். பிறகு அந்தப் புதிய சொல்லையே நகலெடுத்து ஆவணத்தில் தேடுங்கள். அது தட்டிய இடத்தில் மட்டும் அகப்பட்டு, வேறு பக்கங்களில் கண்ணால் பார்க்க முடிந்த இடங்களில் அகப்படவில்லை என்றால், பழைய வடிவம் அங்கேயும் இருக்கிறது. அதில் ஒன்றை நகலெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ஒட்டி, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள்.